இரண்டு கூலருக்கு ஒரு இடது கால்

இரண்டு வாட்டர் கூலருக்கும்
ஒரு செட் ஜெர்சிக்கும்
ரெக்ஸினைக் கொடுத்துவிட்டார்கள்.
அதில் ஒரு கூலர் ஓடவில்லை.

இதைச் சொன்னால் எனக்கு வாய் அதிகமாம்.
ஜுபைலில், ஏழு பேர் ஆடும் வெள்ளிக்கிழமை லீக்கை
ஆறு சீசனாக ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவன் நான்.
ஓவர்டைம் முடித்து, ஹெல்மெட்டோடு வந்து
எங்கள் கோல் வலைக்குப் பின்னால் உட்காருகிறவன்.
வாய் இருக்கத்தான் செய்யும்.

முதலில் கோல்கீப்பர் விஷயம்.
தியோடருக்கு முப்பத்தெட்டு வயது.
நாளைக்குத் தூசிக்காற்று வருமா என்று
அவன் வலது முட்டியைக் கேட்டால் போதும்.
அவனுக்கு மூன்று சீசன் காண்ட்ராக்ட்,
ஸ்பான்சர் பக்காலாக்காரர் மச்சான் என்பதால்.
மூன்று சீசன்!
இங்கே இக்காமாவே
வருஷத்துக்கு வருஷம்தான் மூச்சு வாங்குகிறது.

அப்புறம் டிராஃப்ட்.
புது விசாவில் வந்து இறங்கிய பையன்களில்
கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் தேர்வு.
கடைசி இடத்தில் எங்களை அடிக்க ஆளில்லை.
மேனேஜர் சலாஹுதீன் உயரத்தைப் பார்த்து மயங்கி
ஆறடி இரண்டங்குலத்தைக் கைகாட்டினார்.
அந்தப் பையன் தொட்டதும்
பந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறது.

நான் அப்போதே சொன்னேன்,
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பாருங்கள்,
கடைசிப் படியில்
தரை எங்கே என்று குனிந்து தேடாத ஒருவன் இருப்பான்,
அவனை எடுங்கள் என்று.
இருந்தான். இத்ரீஸ். கஸ்ஸாலாக்காரன், பெயின்டர்.
மூன்றாம் சுற்றில் எவனோ இலவசம்போல் அள்ளிக்கொண்டு போனான்.
இன்றைக்குப் பதினோரு கோல்.

ரெக்ஸினுக்கே வருகிறேன்.
வள்ளவிளைப் பையன், பைப் ஃபிட்டர்.
கார்னர் எடுத்தால் பந்து
எல்போ வைத்து வெல்டு பண்ணின மாதிரி வளையும்.
அவனை விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை.
விற்றால் ஒரு டிஃபெண்டர் வாங்கு என்கிறேன்.
எங்களுக்குப் பின்னால்தான் ஆளில்லை.
தாகம் எங்கள் பிரச்சினையே அல்ல.

எல்லாருடைய ஷரத்தும் எனக்கு மனப்பாடம்.
தியோடருக்கு நான்காவது:
காயம்பட்டு உட்கார்ந்தாலும் பரோட்டா உண்டு.
ரெக்ஸினுக்கு ஏழாவது:
சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது.
“கேட்டாங்களாடா?”
“வாட்ஸாப்ல கட்டைவிரல் போட்டுட்டேன் அண்ணே.”

அதே வாரம்
எச்.ஆர். கன்டெய்னரில் என்னுடைய காண்ட்ராக்ட்.
இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் அரபி,
நடுவில் ஒரு கோடு.
பேனாவை நீட்டியவன்
எனக்குப் பின்னால் நின்றவன் பெயரைக் கூப்பிட்டாயிற்று.
போட்டேன்.
பஸ் மூன்றாவது ரவுண்டானா தாண்டும்போதுதான்
எத்தனை வருஷம் என்று பார்க்காதது உறைத்தது.
இது யாருக்கும் தெரியாது.
தெரிந்தால் அப்புறம் தியோடரைப் பற்றி
நான் எப்படிப் பேசுவது?

போன வெள்ளி.
சட்டை உடம்பிலேயே அவிந்துபோகிற புழுக்கம்.
ரிஃபைனரி நெருப்பு ஒருபக்கம், ஃப்ளட்லைட் மறுபக்கம்,
ஒவ்வொருத்தனுக்கும் இரண்டு நிழல்.
மஞ்சள் ஜெர்சியில் ரெக்ஸின், எங்களுக்கு எதிராக.
முடிய நான்கு நிமிஷம் இருக்க ஒரு ஃப்ரீ கிக்.
சுவரைச் சுற்றிக்கொண்டு
தியோடரின் முட்டி யோசித்து முடிப்பதற்குள்
பந்து என் முகத்துக்கு நேரே வலையில் தொங்கியது.

அவன் கையைத் தூக்கவில்லை.
தலையைக் குனிந்து நடுக்கோட்டுக்கு நடந்தான்.
பழைய அணிக்கு மரியாதையாம்.
டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

எனக்குப் பொறுக்கவில்லை.
வலையைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன்:
டேய், ரெண்டு கூலருடா நீ!
ஒரு செட் ஜெர்சிடா!
கொண்டாடித் தொலைடா!

சலாஹுதீன் திரும்பி முறைத்தார்.
ரெக்ஸின் திரும்பவில்லை,
காதில் விழுந்ததா தெரியவில்லை.
ஓடாத கூலரின் மேல்
யாரோ ஷூவைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள்.